அப்பாவின் குடலும் நீ அனுப்பிய செய்தியும்

பாப்பாவுக்கு,

போன்ல பேசினா அப்பா காதுல விழும், அதான் எழுதுறேன். அப்பா மாதிரி குடல் அழற்சி உள்ளவங்களுக்கு வயசான காலத்துல மறதி நோய் வர வாய்ப்பு கூடலாம்னு ஒரு செய்தி அனுப்பியிருந்தியே, இனிமே அப்படியெல்லாம் அனுப்பாத. டாக்டர்கிட்ட கேட்டேன். "இன்னும் ஆராய்ச்சி பண்றாங்க, எல்லாருக்கும் வராதும்மா"ன்னாரு. பெறகென்ன?

அப்பா மறக்குற ஆளா? இந்த வயித்தோட இத்தனை வருஷம் ஓட்டினவரு. கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளையப் பாக்குறதுக்கு முன்னாடி பாத்ரூமப் பாத்து வச்சுக்குவாரு. புதுக்கோட்டையிலேருந்து விராலிமலை வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்க்ல தண்ணி வரும், எதுல கதவுக்குத் தாப்பா இருக்காதுன்னு அவருக்கு மனப்பாடம். நீகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே.

மாத்திரை ஒழுங்கா சாப்புடுறாரு. மோர்ச்சோறு ஒத்துக்குது. நீ லீவு போட்டுக்கிட்டு வர வேண்டாம்.

நேத்து மத்தியானம் வயித்தப் புடிச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. "ஏங்க, இந்த வீட்டுல பாத்ரூம் எங்கிட்டு இருக்குங்க?"ன்னு என்கிட்ட கேட்டாரு. கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். வெளையாட்டுக்குக் கேட்டிருப்பாரு.

லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாரு பாப்பா.

உன் அம்மா