யன்னலில் ஒட்டிய தேர்தல் தாள்

வெம்பிளி, லண்டன்.
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது.

அன்பு மகள் சிவரூபினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகன் நிருஜனும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் சுகம், அம்மாவுக்கு இருமல் இன்னும் விட்டபாடில்லை. இது என் சொந்த எழுத்துத்தான் பிள்ளை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. எழுபத்துநான்கு வயதில் ஹரோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்து படித்தது வீண்போகவில்லை. வசந்தமலர் ரீச்சர் என் கொப்பியிலும் நட்சத்திரம் ஒட்டிவிட்டா, அம்மா அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிக்கிறா. ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் போகிறது, போகட்டும், எனக்கு அதைப்போல சந்தோசம் வேறு இல்லை. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ அழுதால் என் வாயில் ஓம் என்றுதான் வரும். அப்படித்தான் கவுன்சிலுக்குப் போன கடிதத்தில் இருந்து என் பெயரை எடுக்கிறேன் என்று உனக்குச் சொன்னேன். நான் எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மாமியார் வீட்டில் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள், நடந்தது இதுதான். இந்த வீட்டுச் சுவர்களில் நாலு வருடமாகப் பூஞ்சணம். மேல்மாடியில் இருக்கிற கிரிஜாவின் பத்து மாதக் குழந்தையை மூச்சு இழுத்து மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வீட்டு ஈரத்தைத்தான் டொக்டர் குறை சொன்னாராம். வந்து பாருங்கள் என்று, வாடகை வீடுகளைக் கவனிக்கிற கவுன்சிலுக்குக் கிரிஜா எழுதினாள். ஒரு பெயர் மட்டும் போனால் ஒருத்தியின் சண்டை என்று நினைப்பார்கள் அங்கிள் என்றாள். நான் என் முழுப்பெயரையும் எழுதினேன். கொப்பிக்கு வெளியே நான் எழுதிய முதல் பெயர் அது, மறைக்காமல் சொல்கிறேன், எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஞானேஸ்வரன் நிருஜனுக்குப் பெரியப்பா என்பதை நான் மறக்கவில்லை. இரண்டு பையோடு வந்த எங்களுக்கு ஒரு தாளும் கேட்காமல் இடம் தந்த மனிசன், அதையும் மறக்கவில்லை. அவர் வந்தார், வாசலிலேயே நின்றார், தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். பேர் எழுதப் பழகினதும் முதல் வேலையாய் என்னிலையோ அண்ணை எழுதிப் பாத்தனீங்கள் என்று கேட்டார். பேரை எடுங்கோ, நீங்கள் இரண்டுபேரும் கடைசிவரைக்கும் இங்கை இருக்கலாம், மேலை இருக்கிறவள் போகட்டும் என்றார். அன்று பின்னேரம்தான் மாமி உன்னோடு பேசவில்லை என்று நீ அழுதது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மிசஸ் ஹோல்ட்டின் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனேன், அவவுக்குத் தொண்ணூற்றேழு வயது, அந்த வேலை என்னுடையது. ஞானேஸ்வரன் கதைத்தது வேலிக்கு மேலால் கேட்டிருக்கிறது, கிரிஜாவிடம் விசாரித்தும் இருக்கிறா. பெயரை எடுக்கப் போகிறாயா என்று கேட்டா. தெரியாது என்றேன். உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டுத் தன் வீட்டில் நடந்ததை எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னா. இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடம் முந்தி, அவவுக்கு எட்டு வயது. தகப்பனுக்குத் தேம்ஸ் ஆற்றுத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை, வாடகைக்கு இரண்டு அறை, சுவரெல்லாம் ஈரம். அந்தப் பகுதி எம்.பி. இடையில் செத்துப்போக அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் தேர்தல் வந்ததாம். இப்படியான வீடுகளைத் திருத்தச் சட்டம் கொண்டுவருவேன் என்று ஒருவர் நின்றார். வீட்டுச் சொந்தக்காரர் எதிர்ப்பக்கம். விரும்புகிற ஆளின் பெயர் அடித்த தாளை யன்னலில் ஒட்டுவது அவர்களுக்கு வழக்கம், அந்தத் தெருவில் பன்னிரண்டு வீட்டில் ஒட்டினார்கள். வாடகை சேர்க்கிற ஆள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, உங்கள் யன்னல் கண்ணாடி அழுக்காயிருக்கிறது, துடையுங்கள் என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனானாம். அடுத்த நாள் ஐந்து தாள்தான். வாக்குப் போடுகிற அன்று இவர்களுடையது மட்டும். தாய் சண்டை பிடித்தா. பெட்டிக்குள் போடுவது ஒருவருக்கும் தெரியாதே, அங்கே போட்டுவிட்டு வா, யன்னலில் எதற்கு என்று கேட்டா. எல்லோரும் பெட்டிக்குள் மட்டும் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் தான் தனி ஆள் என்றுதானே நினைப்பான் என்றாராம் தகப்பன். அவர் வேலைக்குப் போன பிறகு தாய் மேசைக்கத்தியால் தாளைச் சுரண்டி எடுத்தா. பின்னேரம் அவர் வந்து, இன்னொரு தாளை ஒட்டினார். தேர்தலில் நின்ற அந்த ஆள் தோற்றார், கொஞ்ச வாக்கில் இல்லை, படுதோல்வி. அடுத்த கிழமை இவர்களை வீட்டை விட்டு எழுப்பிவிட்டார்கள். சின்னம்மா வீட்டு நிலக்கீழ் அறையில் ஆறு பேர் கிடந்தார்கள். மாசி மாதம் கைக்குழந்தைத் தம்பி நெஞ்சுச்சளியில் செத்துப்போனான். தாய் சாகும்வரை தகப்பனை மன்னிக்கவில்லை. உங்கள் அப்பா செய்தது சரியோ என்று கேட்டேன். அவவுக்குக் கோபம் வந்தது. தொண்ணூறு வருடமாகத் தெரியாததை என்னிடம் கேட்காதே என்றா. ஆனால் தாளைக் கிழித்த வீடுகளில் இருந்தும் அந்த மாரிக்குளிரில் இரண்டு சின்னச் சவப்பெட்டி போனது, அது மட்டும் தெரியும் என்றா. பிறகு, இரவில் குப்பை கிளற நரி வருகிறது, தொட்டி மூடியை அமத்தி வை என்று அனுப்பிவிட்டா.

வீட்டுக்கு வந்தால், இவர் பேரை எடுப்பார் என்று அம்மா அதற்குள் ஞானேஸ்வரனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டா. எழுபது வயதிலை இன்னொருக்கால் பை தூக்க என்னாலை ஏலாது என்றா. ஆனாலும் நான் எடுக்க மாட்டேன் என்றேன். இரண்டு நாள் சோற்றை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டா. புதன்கிழமை கவுன்சிலில் இருந்து ஒரு பெண் டோர்ச் லைட்டோடு வந்தாள். அரசாங்க ஆளைக் கண்டதும் எனக்குத் தெரிந்த இங்கிலிஷும் வாயில் வரவில்லை, நடையில் நின்றேன். அம்மா எழும்பி வந்தா, இருமி இருமி, தனி ஆளாக அலுமாரியைச் சுவரில் இருந்து தள்ளினா. உன் மாமியார் ஆட்கள் வருகிற நாட்களில் அந்த அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்து, மணம் தெரியாமல் சாம்பிராணி போடுகிறவ அவதான். பின்னால் தோள் உயரத்துக்குக் கறுப்பு. லுக், மகள், லுக் என்றா அந்தப் பெண்ணிடம். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் வந்தது. ஞானேஸ்வரன் வீட்டை விற்கப் போகிறாராம், வெளிக்கிட எங்களுக்கும் கிரிஜாவுக்கும் நாலு மாதம். கவுன்சில் சொன்னபடி திருத்த வேலையாட்கள் வருகிறார்கள், வாங்குகிறவர்களுக்குக் காய்ந்த சுவர் கிடைக்கும். கிரிஜாவின் குழந்தை நேற்றிலிருந்து மறுபடி ஆஸ்பத்திரியில். நான் செய்தது சரி என்று உனக்கு எழுத எனக்குத் துணிவு இல்லை பிள்ளை, செய்தது நான் என்று மட்டும் எழுதுகிறேன்.

என்னை நினைத்து உன் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்காதே, சண்டைக்கும் போகாதே. கேட்டால், அப்பா தெரிந்துதான் செய்தவர் என்று சொல். நிருஜன் நல்ல பிள்ளை, இரண்டு பக்கமும் இழுபடுகிறான், அவனோடு கோபிக்காதே. கனடாவுக்கு வாருங்கள் என்கிறாய், அம்மாவின் நெஞ்சு விமானத்தைத் தாங்காது, அந்தக் கதையை அவவிடம் எடுக்காதே. சின்னவனுக்குக் காதை மூடித் தொப்பி போடு. உங்கள் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாவும் நானும் கும்பிடுகிறோம்.

நீ மாதக்கணக்கில் ஆறுதலாகத்தான் பதில் எழுதுவாய், அதனால் இந்த வீட்டுக்குப் போடாதே. மிசஸ் ஹோல்ட்டின் வீட்டு விலாசத்தைக் கடித உறையில் எழுதியிருக்கிறேன், நாங்கள் எங்கே இருந்தாலும் வந்து எடுப்பேன். எழுத்தைப் பெரிதாக, ஒன்றோடு ஒன்று தொடாமல் எழுது. எனக்கு இதுவரை ஒருவரும் கடிதம் போட்டதில்லை. என்னை ஏசி எழுதினாலும் பரவாயில்லை, முழுவதும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னத்துரை தில்லையம்பலம்