பேச வசதிப்படுமா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: நான் இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அதுவும் போனில் நடக்கும் இன்டர்வியூவுக்கு! உன்னிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத நீலச் சட்டைதான். சூடு பட்டதும் நீ அள்ளிப் பூசும் மலிவு சென்ட் வாசனை எழுந்தது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது. சட்டைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். போன வருடம் நாம் சேர்ந்து விண்ணப்பித்தோமே, அதே பெங்களூர் கம்பெனி, அதே மெஷின் லேர்னிங். கணினிக்குப் படிக்கச் சொல்லித்தரும் வேலை. நாம் படித்த லட்சணத்துக்கு!

"இப்போ பேச வசதிப்படுமா?" என்றது ஒரு பெண் குரல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"பழகின டேட்டால உங்க மாடல் பிரமாதமா பதில் சொல்லுது. புது டேட்டா குடுத்தா உளறுது. ஏன்?"

"மனப்பாடம் பண்ணியிருக்கு மேடம். எங்க கிளாஸ்லயே அப்படி அறுபது மாடல் இருக்கு."

சிரித்துவிட்டார். "சரி, எப்படிச் சரி பண்ணுவீங்க?"

பதில் தெரியும். வாய்தான் வரவில்லை.

போன வருடம் ஒரு வாரம் முழுக்க வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டு, மேனேஜர் குரலில் உன்னை இன்டர்வியூ எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஏமாந்தாய். கடைசியில் ஒருநாள் உறையூர் பஸ்ஸில் ஏறியதும் என் முதுகில் அறைந்தாய்.

"பொம்பளை குரல்லயும் பேசுவியாடா? 'இப்போ பேச வசதிப்படுமா'வாம்! 'போடா பன்னி'ன்னு போனை வெச்சுட்டேன்ல! ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் பண்ணதுல இதுதான்டா டாப்பு."

"பின்னே? திருச்சில என்னை விட்டா யாரு?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதன்பிறகும் நீ அந்தக் கம்பெனி கூப்பிடுமென்று காத்திருந்தாய். ஆஸ்பத்திரியிலும் போன் உன் தலையணைக்கு அடியில்தான். "கால் வந்தா எழுப்புடா" என்றாய். தலையாட்டினேன்.

இன்று மாடியில், போனில் அந்த மேடம், "லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இனி கூப்பிட மாட்டார்கள்.

எனக்குப் பெண் குரல் வராதுடா. முயன்றால் ஆட்டுக்குட்டி மாதிரிதான் இருக்கும். அன்று உன்னைக் கூப்பிட்டது நான் இல்லை. பஸ்ஸில் நீ பாராட்டியபோதே எனக்கு அது தெரியும்.