பண்ணையார் காருக்குப் போட்ட மாலை

1913 புரட்டாசி, ஆயுதபூஜைக்கு மறுநாள்.

இன்றைக்குத்தான் நெஞ்சு குளிர்ந்தது.

போன மாதம் பண்ணையார் வாங்கிய இங்கிலீஷ் காரைப் பார்த்து, "நம்ம வண்டித்தடத்துக்கு இது தாழ்வு, உயரமான அமெரிக்கக் கார்தான் லாயக்கு" என்றேன். கடைத்தெருவே கேட்கச் சிரித்தார். "மாட்டுவண்டிக்கே வக்கில்லை, வாத்தியாரு காருக்கு யோசனை சொல்லுதாரு வே!"

இன்று அந்தக் கார் ஆற்றுப் பாலத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. பாவம், கார்மேல் தப்பில்லை. பூஜைக்குப் போட்ட பருத்த செவ்வந்தி மாலை ரேடியேட்டரை முழுக்க மூடியிருந்தது. போதாக்குறைக்குச் சந்தனத்தையும் அப்பியிருந்தார்கள். காற்றுப் புகாமல் உள்ளே தண்ணீர் கொதித்துவிட்டது. மாலையைக் கழற்றினால் போதும். வாடுமுன் கழற்றுவது அபசகுனம் என்று யாரும் தொடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பண்ணையார் என்னிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "நீரு படிச்சவருல்லா, என்ன கோளாறுன்னு சொல்லும் வே."

"ஊர்க்கண்ணு பட்டுட்டு அண்ணாச்சி. நாளைக்குத் தூத்துக்குடிக்குப் புறப்படும்போது ரெண்டு மாலையாப் போடுங்க" என்றேன்.

பூக்கடைக்கு அங்கேயே ஆள் அனுப்பினார்.