எலனைப் பின்வாங்கில் இருத்தியவர்கள்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள துசாந்தினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பேர்கனில் மழை விடவில்லை என்று அறிந்தேன். ஆஸ்பத்திரி வேலைக்கு நனைந்துகொண்டு நடந்து போகாதே. நீ எழுதிய நாவலை வாசித்து முடித்துவிட்டேன். பென்சில் குறிப்புகளுடன் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

துப்பறியும் கதைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பது பல்கலைக்கழக நாளிலிருந்தே உனக்குத் தெரியும். ஆனாலும் பிரிஜிட்டை எனக்குப் பிடித்துவிட்டது. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, அந்தக் கால நியூயோர்க்கில் பிறர் வீட்டுத் துணி துவைத்துக்கொண்டே துப்புத் துலக்குகிறவள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டுப் பொலிஸ்காரர் சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்தேன். இங்கே அலுவலகங்களில் நாங்களும் பட்டதுதானே.

ஒரு பிழை இருக்கிறது. துறைமுகத்தில் காணாமல்போன கணவனைத் தேடித் தரும்படி எலன் என்பவள் பிரிஜிட்டிடம் வருகிறாள். எலனின் மகளுக்குக் கலியாணம் நடக்கும்போது, அயல் பெண்கள் எலனைத் தேவாலயத்தின் பின்வாங்கில், கடைசி வரிசையில், இருத்துகிறார்கள். ஐரிஷ் கத்தோலிக்கர் அப்படிச் செய்யமாட்டார்கள். விதவையானாலும் தாய் முன்னுக்குத்தான் இருப்பாள். பின்னுக்கு இருத்துகிறவர்கள் நாங்கள். பக்கத்தின் ஓரத்தில் 'தவறு' என்று எழுதிவிட்டு, பிறகு அழித்தேன்.

முடிவையும் என்னால் ஏற்க முடியவில்லை. அடகுக்கடையில் கிடைத்த ஒரு மேல்சட்டையை வைத்து, அவன் இறந்துவிட்டான் என்று பிரிஜிட் சொல்லிவிடுகிறாள். சட்டையை யாரும் திருடி விற்றிருக்கலாம். கதை முழுக்க எதையும் சந்தேகித்தவள் கடைசியில் ஏன் அவசரப்படுகிறாள்? கலியாணத் திகதி நெருங்குகிறது என்பதைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாயிரத்தொன்பதில், சண்டை முடிந்து முகாமுக்குப் போகும் வழியில், உன் கணவர் ரிஷிகேசனை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதன் பிறகு உனக்கு ஒரு சட்டைகூடக் கிடைக்கவில்லை.

உன் மகள் வினோஜாவின் மாமியாராகப் போகிற புஷ்பமலர் அக்கா, போன கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்திரட்டிக் கிரியையைச் செய்து, போனவர் போனவர்தான் எண்டு முடிச்சுப்போட்டுக் கலியாணத்தை வைப்பம். தாய் பொட்டோட நிண்டா, மனுசன் எங்கை எண்டு சனம் கேக்கும். நான் என்னத்தைச் சொல்லுறது? நீர் சொன்னா அவ கேப்பா" என்றார். கெட்ட மனுசி இல்லை. மகனின் வாழ்வுக்கு ஏதும் குறை வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். உனக்கு எழுதுவதாகச் சொன்னேன். என்ன எழுதுவேன் என்று அவர் கேட்கவில்லை.

வினோஜாவும் கூட வந்திருந்தாள். பிறகு ரயிலில், "அன்ரி, அம்மா பின்னுக்கு நிண்டா நானும் பின்னுக்குத்தான் நிப்பன். மாப்பிள்ளை அங்கை வந்து தாலியைக் கட்டட்டும்" என்றாள். பகிடியாகச் சொல்லவில்லை.

ரிஷிகேசன் இனி இல்லை என்று உன் மனம் சொல்லும் நாளில் அந்திரட்டி செய். நான் வந்து சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். மண்டபம் பதிந்த திகதிக்காகச் செய்யாதே.

கன்னிகாதானத்துக்கு என்னையும் இவரையும் உங்கள் இடத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தாய். மன்னித்துக்கொள், நாங்கள் நிற்கமாட்டோம். தாரை வார்க்கும் செம்பை நீயே பிடி. செம்புக்கு அடியில் என் கை இருக்கும்.

நீயும் வினோஜாவும், எங்கிருந்தாலும் ரிஷிகேசனும், மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
வதனி