திருத்தி வாசிக்கவும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் வலது கை மட்டும் முக்கால் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் என்னிடம் மறைத்தாலும் அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடு. இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று கேட்பாய். மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது, தினம் ஒரு பக்கமாவது கையால் எழுதினால்தான் விரல்கள் பழையபடி மடங்கும் என்று பிசியோதெரபி செய்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என்ன எழுதுவது என்றேன். 'மனசுல இருக்கிறத எழுதுங்க சார்' என்றாள். என் மனதில் இருப்பதை எழுதினால் பாதி ஊர் என்னோடு பேசாது, ஆகவே உனக்கு எழுதுகிறேன். வருடம் முடிய இன்னும் இரண்டு நாள்தான், வருடக் கணக்கைத் தீர்த்தது போலவும் ஆகட்டும். எழுத்து கோணலாக இருக்கும், பிழை இருக்காது.

அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன், என் கோபமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. குடிநீர்ப் புகார்களுக்கு இருபத்தேழு வருடமாகப் பதில் எழுதியவன் நான். ஆறு மாதமாக அதை ஒரு மென்பொருள் எழுதுகிறது, நான் அதற்குக் காவல் இருக்கிறேன். மூன்று வாரமாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று எழுதிய ஓர் அம்மாளுக்கு, எங்கள் சேவையில் தாங்கள் காட்டும் ஆர்வம் மகிழ்ச்சி அளிக்கிறது என்று அது பதில் எழுதியிருந்தது. அடித்துவிட்டு, வியாழக்கிழமை வால்வை மாற்றிவிடுவார்கள் என்று எழுதிப் 'புன்னகை'யிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உனக்குத் தெரியும், எனக்கு ஐந்து வருடம் பிந்தி வேலைக்கு வந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர். 'மெஷினுக்கும் பழக கொஞ்சம் டைம் குடுங்க சார்' என்று அதற்கும் சிரித்தார். அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. ஆனால் நான் கை முறிந்து கிடந்தபோது அந்த மனிதர் இரண்டு தடவை வீடு தேடி வந்தார், என் விடுப்பு விண்ணப்பத்தைத் தன் கையாலேயே எழுதி எடுத்துப்போனார். அதில் மூன்று ஒற்றுப் பிழை. நன்றி சொன்னேன், பிழையைச் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிழையைச் சொன்னதால்தானே ஏப்ரலில் உன் சித்தப்பாவோடு பேச்சே நின்றது. நீ குடும்பக் குழுவில் பார்த்தது பாதி. தேர்தல் நேரம், அவன் தன் கட்சியைப் புகழ்ந்து ஒரு முழம் நீளத்துக்கு எழுதிப் போட்டிருந்தான். நான் அந்த அரசியலுக்குப் பதில் சொல்லியிருக்கலாம், என்னிடம் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு அவன் எழுதியதில் இருந்த பதினான்கு எழுத்துப் பிழைகளை வரிசை எண் கொடுத்து, இருபத்தாறு உறவுக்காரர்கள் பார்க்கிற இடத்தில் போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு நின்று லிஃப்ட் மெக்கானிக் ஆனவன் அவன், அதைத் தெரிந்தேதான் செய்தேன். 'நான் என்ன சொல்றேன்னு நீ என்னிக்குமே பாத்ததில்ல அண்ணே, எப்படிச் சொல்றேன்னுதான் பாப்ப' என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். அதிலும் இரண்டு பிழை. அவன் போன பிறகு அதையும் சொன்னேன். ஏழு மாதம் முகத்தோடு முகம் பார்க்கவில்லை. இதற்கிடையில் அக்டோபரில் அவன் கட்சியும் என் கட்சியும் கூட்டணி வைத்து ஒரே மேடையில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டன. அவர்களுக்காக அடித்துக்கொண்ட நாங்கள் இருவர்தான் ஆளுக்கொரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் நான் விழுந்த கதை உனக்குத் தெரியும். அலுவலக லிஃப்ட் பழுது, படியில் இறங்கினேன், கடைசி நான்கு படிகளைக் கணக்கில் விட்டுவிட்டேன். மணிக்கட்டு முறிந்தது, உதடு வீங்கியது, கண்ணாடி இரண்டாக உடைந்தது. மறுநாள் காலை அம்மா என்னைக் கேட்காமலே சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டு, உடைந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். சற்று நேரத்தில் அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். 'வரட்டுமா அண்ணே' என்று அந்த ஒன்றைத்தான் கேட்டான். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பிறகு எழுத்தில் இருந்தால்தான் பலம் என்று, நீ சொல்லிக்கொடுத்தபடி, பேசுவதை எழுத்தாக்குகிற அந்த மைக்கை இடது கையால் அமுக்கி, நீ என் வீட்டுக்கு வரவேண்டாம் என்று வீங்கிய வாயால் சொல்லி அனுப்பினேன். எழுதியதைத் திரும்பப் படிக்காமல் என் ஆயுளில் நான் அனுப்பிய ஒரே வரி அதுதான்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் நிற்கிறான், கையில் டூல் பாக்ஸ், சட்டையெல்லாம் கிரீஸ். 'என்ன அண்ணே, இலக்கணத்துக்கே எலும்பு முறிஞ்சிடுச்சா' என்றான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து நிற்கிறானே என்று கதவை விட்டு விலகி நின்றேன். அன்று தொடங்கிப் பதினெட்டு நாள் வேலைக்குப் போகும் முன் வந்து எனக்குச் சவரம் செய்து, சட்டைப் பொத்தான் போட்டு, 'ஆடாம நில்லு அண்ணே, எட்டு மாடி லிஃப்டக்கூட நிறுத்திடலாம், உன் தாடையை நிறுத்த முடியல' என்று திட்டிவிட்டுப் போவான். நான்காம் நாள் புதுக்கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு முதல் வேலையாகத் தொலைபேசியைப் பார்த்தேன். நீ என் வீட்டுக்கு வரவேண்டும் என்று இருந்தது. ஒரே ஓர் எழுத்து. 'டா' போய் 'டு' வந்துவிட்டது. அப்படியானால் இவன் என்னை மீறி வரவில்லை, நான் கெஞ்சிக் கூப்பிட்டதாக நினைத்து வந்திருக்கிறான். உடம்பெல்லாம் எரிந்தது. இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்: பிழை திருத்தம், 'வேண்டும்' என்று இருப்பதை 'வேண்டாம்' எனத் திருத்தி வாசிக்கவும். ஆனால் அனுப்பவில்லை. அப்போது அவன் சமையலறையில் டீ போட்டுக்கொண்டு, உன் அம்மாவிடம், 'அண்ணனே கூப்பிட்டாரு அண்ணி' என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிழை என்று தெரிந்தும் நான் திருத்தாமல் விட்ட முதல் பிழை அது, புன்னகையின் ஒற்றுப் பிழைகள் அதற்குப் பிறகுதான்.

வருடக் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரு படம் பார்ப்பது முப்பத்தொரு வருடப் பழக்கம். இந்த வருடம் நான் தனியாகப் பார்த்தவை ஐந்து, நான்கில் துப்பாக்கிதான் பேசியது, ஐந்தாவதில் தூங்கிவிட்டேன். போன ஞாயிறு அவன் வந்து கூப்பிட்டான், போனோம். கதாநாயகன் அறுந்து விழுகிற லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துகிறான். உன் சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டான், 'கயிறு அறுந்தா தானா பிரேக் விழும்டா, இவன் எதுக்குடா பிடிக்கிறான்' என்று. முன் வரிசையில் ஒருவர் திரும்பி, 'யோவ், படம் பாக்க விடுய்யா' என்றார். வழக்கமாக நான்தான் இவனைக் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். அன்று, 'அவர் சொல்றதுதாங்க சரி, அவர் தொழிலே அதுதான்' என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. இடைவேளையில் டீக் கோப்பையோடு நிற்கும்போது சொல்லிவிட்டேன், அன்றைக்கு நான் சொன்னது வேண்டாம் என்றுதான், மெஷின் தப்பாக எழுதிவிட்டது என்று. அவன் டீயை ஊதிக் குடித்தான். 'தெரியும். நீயாவது, வேணும்னு எழுதுறதாவது. பிழையாத்தான் இருக்கும்னு பாத்த உடனே தெரிஞ்சுது. நீ திருத்தி அனுப்புறதுக்குள்ள வந்து சேந்துடணும்னுதான் வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தேன்' என்றான். மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

நன்றி சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை, இந்த வருடம் யார் யாருக்கோ சொல்லவேண்டி வந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டவருக்கு, புன்னகைக்கு, ஆறு வாரம் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டாத உன் அம்மாவுக்கு, என் சொல்லை மாற்றி எழுதிய அந்த மெஷினுக்கும்கூட. உனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று நான் சொல்லியும் நீ கிளம்பினாயே, அன்று தலைவலி என்று அறைக்குள் படுத்துக்கொண்டேன், வாசல் வரைகூட வரவில்லை. தலைவலி இல்லை. நவம்பரில் விடுப்புப் போட்டு வரட்டுமா என்று நீ கேட்டபோது, வீண் அலைச்சல், வரவேண்டாம் என்றேன். வாய் வீங்கியிருந்தும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னேன், நடுவில் திருத்த மெஷினும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை ஈரமாக விட்டுக்கொண்டு வெளியே போகாதே. வருகிற வருடம் உனக்கு எல்லாம் கைகூடி, நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் ஆசியும் சித்தப்பாவின் ஆசியும் இதிலேயே அடங்கும். கடைசியாக ஒன்று, மறக்காதே. நீ வரவேண்டும். இது என் கையால் எழுதியது, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. என் குணம் உனக்குத் தெரியும், பின்னாலேயே ஏதாவது திருத்தம் வந்தாலும் வரும். அதற்குள் கிளம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா