முனிராஜண்ணாவின் சீம்பால்

ஜாய்சன்,

சாதம் குக்கரில், மீன் குழம்பு அடுப்பு மேல். நான் பொம்மசந்திரா போகிறேன். அங்கே இன்னொரு மாடு சுவரை விடாமல் நக்குகிறதாம், சுற்றிச் சுற்றி வருகிறதாம். இந்தத் தடவை குளுக்கோஸோடு மாட்டை அமைதிப்படுத்தும் மருந்தும் பையில் இருக்கிறது.

பதினோரு மணிக்கு முனிராஜண்ணா, இப்போது கன்று போட்ட அவருடைய அடுத்த மாட்டின் சீம்பால் கொண்டுவருவார். அவருடைய வெறி பிடித்த மாட்டை ஊசி போட்டுக் கொன்று, அவர் பிள்ளைகளைக் காப்பாற்றினேனாம். அதற்கு நன்றி.

லேப் ரிப்போர்ட் பைபிளுக்குள் இருக்கிறது. வெறிநோய் இல்லை. கன்று போட்ட மாட்டுக்கு வரும் சர்க்கரைக் குறைவு, அதில் வந்த கிறுக்கு. இதே குளுக்கோஸை இரண்டு நாள் ஏற்றியிருந்தால் தீனி தின்றிருக்கும்.

"அவருக்குத் தெரியவா போகுது, விடு லீனா" என்றீர்கள். அதனால்தான் நேற்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். காபி கொடுத்து உட்கார வையுங்கள். நானே வந்து சொல்கிறேன்.

லீனா

சீம்பாலை வாங்கி வைக்காதீர்கள்.

இன்னொன்று. கடைசி ஊசி போடும்போதும் அந்த மாடு என் கையை நக்கிக்கொண்டுதான் இருந்தது. பயந்து ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தேன். இன்னும் அந்த நாக்கின் சூடு தெரிகிறது.