ஒன்றாம் நம்பர் ஆன பெண்

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் லைன் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார். நானும் என்னோடு தங்கி இதே லைனில் வேலை செய்யும் செல்வமும் அறையில் சேர்ந்து பார்க்கும் ஜப்பான் அனிமே தொடரில் வருகிற அதே பேட்ஜ். கறுப்பில் சிவப்பு எண். எனக்கு 31.

"இன்னாப்பா, சூப்பரா கீதா? வேலை நல்லா செஞ்சா நம்பர் குறையும். யாரு ஒண்ணாம் நம்பர்னு பாப்போம்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தத் தொடரின் முதல் சீசனில் நகரத்தில் யாருக்கும் பேர் கிடையாது, எண்தான். ஒரு பெண் மட்டும் தன் பேரைச் சொல்வாள். அதற்காகவே அவளைக் கொன்றுவிடுவார்கள். அதைப் பார்த்த அன்று நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கேன்டீனில் செல்வத்திடம் இதைச் சொன்னேன். அவன் பேட்ஜைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது பழைய கதைல்லா. இப்ப அஞ்சாவது சீசன்ல அவளை உயிரோட கொண்டாந்துட்டாவ. அவதாம்ல ஒண்ணாம் நம்பர். என்னமா சண்டை போடுதா."

அவள் எதற்காகச் செத்தாள் என்பது கதையை எடுத்தவர்களுக்கே மறந்துவிட்டது. இவனிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது. பேட்ஜைக் கழற்றலாமா என்று நினைத்தேன். கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. கழற்றவில்லை.

மதியத்துக்கு மேல் லைனில் செல்வம் பின்னாலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், பலமுறை. எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் "முப்பத்தொண்ணு" என்றான்.

உடனே திரும்பினேன்.